நாய்க்கும் பூனைக்கும் வரும் புற்று

வடசென்னைத் தெருநாய்களிடம் அடிக்கடி காணப்படும் புற்றுநோய், இனச்சேர்க்கையின்போது ஒட்டிக்கொள்ளும் ஒரு கட்டி. கால்நடை மருத்துவர்கள் அதை டி.வி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்து கழிவு மீன் கொட்டும் இடத்திலோ, திருவொற்றியூர் நெடுஞ்சாலையோர டீக்கடை வாசலிலோ நாய் படுத்தெழுந்த தரையில் இரண்டு மூன்று சொட்டு ரத்தம் கிடக்கும். பெட்டை நாயென்றால் பருவத்துக்கு வந்திருக்கிறது என்பார்கள். கடுவனென்றால் எங்கோ கடிபட்டிருக்கிறது என்பார்கள். வாரக்கணக்கில் ரத்தம் நிற்காமல் போகும்போதுதான் யாருக்காவது சந்தேகம் வரும். பிறப்புறுப்பை விலக்கிப் பார்த்தால், உள்ளே காலிஃபிளவர் போல, தொட்டாலே உதிர்ந்து ரத்தம் கசியும் சதை வளர்ந்திருக்கும்.

புற்று என்பது உடலின் சொந்த செல் ஒன்று கட்டுப்பாட்டை மீறிப் பெருகுவது. செல் பிரியும்போது அதன் மரபுப்பொருளில் நேரும் பிழைகள் சேர்ந்து சேர்ந்து, எப்போது நிற்க வேண்டும் என்பதையே அந்த செல் மறந்துவிடுகிறது. மனிதர், நாய், பூனை, மாடு, கோழி எல்லோருக்கும் இதே கதைதான். வழக்கமான புற்று அது தோன்றிய உடலோடு முடிந்துபோகும். டி.வி.டி. இதற்கு விலக்கு. இதில் ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குப் போவது கிருமி அல்ல, புற்றுச் செல்லேதான். புணர்ச்சியின்போது உதிரும் செல்கள் அடுத்த நாயின் உறுப்பில் ஒட்டி அங்கே வளரத் தொடங்குகின்றன. நக்குவதாலும் முகர்வதாலும் மூக்குக்கும் வாய்க்கும் போகும். மூக்கில் ரத்தம் வழியும் நாயை முகத்தில் அடிபட்டது என்று ஒதுக்கிவிடுவதால், அந்த வகை பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியவருகிறது.

1876-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நொவின்ஸ்கி என்ற கால்நடை மருத்துவர் ஒரு நாயின் கட்டியிலிருந்து துணுக்கை எடுத்து இன்னொரு நாயின் உடலில் வைத்து வளரச் செய்தார். புற்றை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு மாற்றிக் காட்டிய முதல் சோதனை என்று அது மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. காரணம் மட்டும் நெடுங்காலம் புரியாமலே இருந்தது. வைரஸாக இருக்கலாம் என்றுகூடத் தேடினார்கள். 2006-இல் வெளியான ஆய்வில் இந்தியா, கென்யா, இத்தாலி நாடுகளின் நாய்களிடமிருந்து கட்டியையும் ரத்தத்தையும் தனித்தனியே எடுத்து மரபணுவை ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. எந்த நாயின் கட்டியும் அந்த நாயின் ரத்தத்தோடு பொருந்தவில்லை. கட்டிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவாக இருந்தன. நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள் இருக்க, இந்தக் கட்டியின் செல்லில் அறுபதை ஒட்டித்தான் இருக்கின்றன.

அப்படியென்றால் எல்லாமே ஒரே ஒரு நாயின் உடலில் என்றோ தொடங்கிய புற்று. 43 நாடுகளிலிருந்து சேர்த்த 546 கட்டிகளைப் படித்து 2019-இல் வந்த ஆய்வு, அந்த முதல் நாய் சுமார் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்தது என்று கணித்தது. கடல்வழி திறந்த பிறகு, ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன், கட்டி அமெரிக்கக் கண்டத்துக்கும் போயிருக்கிறது. கப்பலேறிப் போன நாய்களோடு போனது என்பதே பொருத்தமான விளக்கம். துறைமுக ஊர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. இத்தனை ஆயிரம் ஆண்டு ஓடி இளைத்த செல்லின் மைட்டோகாண்ட்ரியா பழுதாகும்போது, தான் குடியிருக்கும் நாயிடமிருந்தே புதியதை எடுத்துக்கொள்கிறது என்றும் 2011-இல் கண்டறிந்தார்கள். உயிரியலில் இதைவிடத் துணிச்சலான ஒட்டுண்ணியைத் தேடுவது கடினம்.

மனிதர்களிடம் இப்படி ஒரு புற்று பரவாததற்குக் காரணம் உடலின் காவல். ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் 'இது என்னுடையது' என்று காட்டும் அடையாளப் புரதங்கள் உண்டு. அந்நிய செல் வந்தால் வெள்ளையணுக்கள் அதை உடனே ஒழித்துவிடும். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களின் உடல் அதை நிராகரிக்கப் பார்ப்பதும் இதனால்தான். டி.வி.டி. செல் தன் அடையாளப் புரதங்களைக் குறைத்துக்கொண்டு ஒளிந்து வளர்கிறது. சில மாதம் கழித்து நாயின் காவல் விழித்துக்கொண்டால், நல்ல உடல்வாகு உள்ள நாயில் கட்டி தானாகவே சுருங்கி மறைவதும் உண்டு. டாஸ்மேனியாவில் டெவில் என்ற விலங்கிடம் 1996 முதல் பரவிவரும் முகப்புற்றும் இதே போல செல்லாகவே ஒட்டுவதுதான். அங்கே அது விலங்கையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோயிருக்கிறது. நாயின் கட்டி அவ்வளவு கொடூரமானதல்ல. மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது அபூர்வம். பெண்களின் கருப்பை வாய்ப் புற்றும் உறவால் தொற்றுவதுதானே என்று கேட்கலாம். அங்கே தொற்றுவது ஹெச்.பி.வி. என்ற வைரஸ். அது புகுந்த பிறகு, புற்றாக மாறுவது அந்தப் பெண்ணின் சொந்த செல்தான். நாயிடமிருந்து மனிதருக்கோ, மனிதரிடமிருந்து நாய்க்கோ எந்தப் புற்றும் ஒட்டுவதில்லை. ரத்தம் சொட்டும் நாயைக் கல்லால் அடித்து விரட்டுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

இந்த நோயை உறுதி செய்வது எளிது. கண்ணாடித் துண்டைக் கட்டியின் மேல் ஒற்றி எடுத்து, சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால் வட்ட வட்டமான செல்களும், அவற்றுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வெற்றுக் குமிழிகளும் தெரியும். அனுபவப்பட்டவருக்குச் சில நிமிட வேலை. சிகிச்சைக்கு வின்கிறிஸ்டின் என்ற மருந்து. முன்னங்கால் நரம்பில் ஊசியைச் செருகி, முதலில் சலைன் விட்டு நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் மருந்தை ஏற்றுவார்கள். ஒரு சொட்டு நரம்புக்கு வெளியே கசிந்தாலும் அந்த இடத்துச் சதை அழுகிவிடும். வாரம் ஒரு ஊசி, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். இரண்டாவது ஊசிக்கே ரத்தம் நின்றுவிடும். பத்தில் ஒன்பது நாய்க்கு மேல் முழுதாகக் குணமாகிறது. புற்று என்ற சொல்லோடு இப்படியொரு விகிதம் சேர்ந்து வருவது அபூர்வம். தெருநாயிடம் உள்ள சிக்கல் வேறு. இரண்டு ஊசியில் கட்டி சுருங்கியதும், மூன்றாவது வாரம் அந்த நாயைத் தேடிப் பிடிக்க ஆள் இருக்காது.

வின்கிறிஸ்டின் எடுக்கப்படுவது நித்தியகல்யாணிச் செடியின் இலையிலிருந்து. சுடுகாட்டுப் பக்கமும் வீட்டு வாசலிலும் யாரும் ஏறிட்டுப் பார்க்காமல் பூத்துக் கிடக்கும் அதே செடி. தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கரிசல் காடுகளில் அதை மானாவாரியாகப் பயிரிட்டு, இலையையும் வேரையும் காயவைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். இலையில் மருந்துப் பொருள் இருப்பது மிகச் சொற்பம் என்பதால், கிராம் அளவு மருந்துக்கே காய்ந்த இலை மூட்டை மூட்டையாக வேண்டும். 1960-களில் புழக்கத்துக்கு வந்த இந்த மருந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குத் தரப்படும் கூட்டு மருந்துகளில் இன்றும் முக்கியமானது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு ஏறுவதும், வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு தெருநாய்க்கு ஏறுவதும் ஒரே மருந்துதான். அளவும் அட்டவணையும்தான் வேறு. பக்க விளைவில் ஒரு வித்தியாசம் உண்டு. மனிதருக்கு முடி கொட்டும். பெரும்பாலான நாய் இனங்களுக்குக் கொட்டாது. அவற்றின் முடி இடைவிடாமல் வளர்வதில்லை என்பதே காரணம். பூடில் போல முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களுக்குக் கொட்டும்.

கருத்தடை செய்த நாய் பெரும்பாலும் புணர்ச்சிக்குப் போகாது, கட்டி ஒட்டும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். பிரிட்டனில் ஒரு காலத்தில் சகஜமாக இருந்த டி.வி.டி., தெருவில் நாய் திரிவது கட்டுப்பட்ட பிறகு ஏறக்குறைய இல்லாமல் போனதே இதற்குச் சான்று. சென்னையில் 2024-இல் மாநகராட்சி எடுத்த கணக்குப்படி தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். அவற்றில் கருத்தடை செய்யப்பட்டவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நாய்க்கடியையும் வெறிநோயையும் வைத்தே இங்கே கருத்தடை பேசப்படுகிறது. ஒரு புற்றுநோயையும் அதே கத்தி தடுக்கிறது என்பது பேச்சில் வருவதே இல்லை.

வீட்டு நாய்க்கு வரும் புற்று வேறு. ராயபுரத்துச் சந்து வீடுகளில் மொட்டைமாடியில் வளரும் பொமரேனியன், லாப்ரடார் பெட்டைகளுக்கு எட்டு, ஒன்பது வயதில் வருவது பால்மடிக் கட்டி. நாய்க்கு ஐந்து ஜோடி மடி. பின்னங்காலை ஒட்டிய கடைசி இரண்டு ஜோடிகளில்தான் கட்டி அதிகம். முதலில் பட்டாணி அளவில் உருண்டையாகத் தட்டுப்படும். 'கொழுப்புக் கட்டி, தானா கரைஞ்சிடும்' என்று ஆறு மாதம் விட்டுவிட்டு, உடைந்து நாறும்போது தூக்கிக்கொண்டு வருவதுதான் வழக்கமாக நடக்கிறது. நாயில் இப்படிப்பட்ட கட்டிகளில் ஏறத்தாழ பாதி சாதுவானவை, மீதிப் பாதி புற்று. பூனையில் நிலைமை மோசம். பத்தில் எட்டுக்கு மேல் புற்றாகத்தான் இருக்கும்.

பெண்களின் மார்பகப் புற்றோடு இதற்கு நெருங்கிய ஒற்றுமை உண்டு. இரண்டுமே ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்களின் பிடியில் வளர்பவை. இரண்டுமே முதலில் பக்கத்து நிணநீர்க் கணுவுக்கும் பிறகு நுரையீரலுக்கும் போகும். வயது, உடல் பருமன் இரண்டும் இரு தரப்பிலும் ஆபத்தைக் கூட்டுகின்றன. 1969-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்க்கு, செய்யாத நாயோடு ஒப்பிட்டால் மடிப்புற்று ஆபத்து 0.5 சதவீதம்தான் என்றது. முதல் பருவத்துக்குப் பின் என்றால் 8 சதவீதம், இரண்டாவதற்குப் பின் 26 சதவீதம். அரை நூற்றாண்டாக எல்லாப் பாடநூலும் இதையே எடுத்துச் சொல்கிறது. ஆதாரம் அவ்வளவு கெட்டியில்லை என்று பிற்கால மறுஆய்வுகள் குறை சொன்னாலும், திசை சரி என்பதில் பெரும்பாலான மருத்துவர்களுக்குச் சந்தேகமில்லை. ராட்வைலர் போன்ற பெரிய இனங்களுக்கு மிகச் சீக்கிரம் கருத்தடை செய்வது எலும்புப் புற்றைக் கூட்டலாம் என்ற ஆய்வும் உண்டு. ஆகவே வயதை இனம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். 'ஒரு ஈத்தாவது குட்டி போடட்டும், அப்பதான் ஆரோக்கியம்' என்ற நம்பிக்கைக்கு மட்டும் எந்த ஆய்விலும் இடமில்லை. பருவத்துக்கு வராமலிருக்கப் போடும் ஹார்மோன் ஊசி, கட்டி வரும் வாய்ப்பை மேலும் கூட்டும்.

ரத்தம், நிணநீர், எலும்பு ஆகியவற்றில் வரும் புற்றுகளில்தான் நாய் மனித மருத்துவத்துக்கு நேரடியாக உதவியிருக்கிறது. ஆய்வுக்கூட எலிக்குப் புற்றைச் செயற்கையாக வரவழைக்க வேண்டும். நாய்க்கு அது நம்மைப்போலவே, நம் வீட்டிலேயே, வயதானதும் தானாக வருகிறது. நாயின் கழுத்தில் நெறிகட்டி வீங்கும் லிம்ஃபோமா, மனிதரின் அதே வகைப் புற்றுக்குத் தரும் கூட்டு மருந்துக்கே கட்டுப்படுகிறது. கிரேட் டேன் போன்ற பெரிய நாய்களின் கால் எலும்பில் வரும் புற்று, வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு முழங்காலருகே வரும் எலும்புப் புற்றிலிருந்து நுண்ணோக்கியில் பிரித்தறிய முடியாதது. காலை வெட்டாமல் எலும்பை மட்டும் மாற்றும் அறுவைமுறை நாய்களில் தேறி மனிதருக்கு மெருகேறியது. தோலில் வரும் மாஸ்ட் செல் புற்றுக்காக 2009-இல் அமெரிக்கா அனுமதித்த டொசெரனிப், நாய்ப் புற்றுக்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து. அதன் உடன்பிறப்பான சுனிட்டினிப் மனிதரின் சிறுநீரகப் புற்றுக்குத் தரப்படுகிறது. 2005-இல் டாஷா என்ற பாக்ஸர் நாயின் முழு மரபணு வரிசை வெளியான பிறகு இத்தகைய ஒப்பீடு வேகமெடுத்தது. நாயின் சிறுநீர்ப்பைப் புற்றில் பெரும்பாலும் காணப்படும் ஒரு மரபணுப் பிழை, மனிதருக்கு வரும் மெலனோமா என்ற தோல் புற்றில் காணப்படும் அதே பிழை என்று 2015-இல் தெரிந்தது.

சிறுநீர்ப்பைப் புற்று ஆலை மாசோடு சேர்த்துப் பேசப்படுவது என்பதால், அதிலிருந்து பேச்சு வடசென்னையின் மணலிக்கும் எண்ணூருக்கும் வந்துவிடுகிறது. மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அதையொட்டி உரம், பெட்ரோகெமிக்கல் ஆலைகள், எண்ணூரில் 2017 வரை இயங்கிய அனல்மின் நிலையம், அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும் கொசஸ்தலை ஆற்றில் கலந்த அதன் சாம்பலும், கொடுங்கையூர்க் குப்பைமேடு, துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கண்டெய்னர் லாரிகள். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்குப் போட்ட மாசு மதிப்பெண்ணில் மணலிக்கு 76.32. எழுபதைத் தாண்டினாலே 'மிகக் கடுமையாக மாசடைந்தது' என்று பொருள். வெளிக்காற்று மாசு மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2013-இல் அறிவித்தது. சுத்திகரிப்பு ஆலைகளோடு சேர்ந்தே பேசப்படும் பென்சீன் அதற்கு முன்பே அந்தப் பட்டியலில் இருந்தது.

நாயும் பூனையும் அதே காற்றை இன்னும் தாழ்வான உயரத்தில் சுவாசிக்கின்றன. தரையில் படியும் சாம்பலும் கரியும் பாதத்திலும் முடியிலும் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகின்றன. நாய் வேலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போவதில்லை, சிகரெட் பிடிப்பதில்லை. வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதுதான் அதன் முழு உலகம். மனிதரில் முப்பது, நாற்பது ஆண்டு கழித்து வெளிப்படும் பாதிப்பு நாயில் சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டுவிடும். இதை வைத்து 1981-இல் வட அமெரிக்கக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளின் பதிவுகளைப் புரட்டியவர்கள், தொழிற்சாலைகள் அதிகமுள்ள மாவட்டங்களில் நாயின் சிறுநீர்ப்பைப் புற்றும் அதிகம் என்று கண்டார்கள். நாயை முன்னெச்சரிக்கைக் காவலாளி என்று சொல்லும் வழக்கம் அந்த ஆய்வோடுதான் வலுப்பட்டது. 1983-இல் வந்த இன்னொன்று, நுரையீரல் உறையில் வரும் மெசோதீலியோமா கண்ட நாய்களின் எஜமானர்கள் பலர் அஸ்பெஸ்டாஸ் புழங்கும் தொழிலிலோ பொழுதுபோக்கிலோ இருந்தவர்கள் என்றது. வேலையிலிருந்து உடையில் ஒட்டி வந்த தூசியே நாய்க்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. புகைபிடிக்கும் வீட்டுப் பூனைகளுக்கு லிம்ஃபோமா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று 2002-இல் வந்த ஆய்வும், முடியில் படிந்த புகையை நக்கித் துடைக்கும் பூனையின் பழக்கத்தையே சந்தேகித்தது. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் கலந்த மீனைத் தின்று முதலில் சுருண்டு விழுந்தவையும் மீனவர் வீட்டுப் பூனைகள்தான். அது புற்று அல்ல. ஆனால் கவனித்துக் கணக்கெடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணமில்லை.

சென்னையில் மனிதருக்கு வரும் புற்றை அடையாறு மருத்துவமனையின் பதிவேடு 1982 முதல் பகுதி, வயது, உறுப்பு வாரியாகக் கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்கு இருப்பதால்தான் சென்னைப் பெண்களிடம் ஒருகாலத்தில் கருப்பை வாய்ப் புற்று முதலிடத்தில் இருந்து, பிறகு மார்பகப் புற்று அதை முந்தியது என்று சொல்ல முடிகிறது. கலிஃபோர்னியாவின் இரண்டு மாவட்டங்களில் 1963-லேயே நாய், பூனைக்கும் இத்தகைய பதிவேடு தொடங்கினார்கள். இங்கே அப்படியொன்று இல்லை. 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும், மாதவரம் பால்பண்ணையில் தலைமையகம் கொண்ட கால்நடைப் பல்கலைக்கழகமும் இதே வடசென்னைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சிகிச்சைக்கு வரும் பிராணியின் வீடு எந்தத் தெரு என்பதைக் கட்டியின் வகையோடு சேர்த்து எழுதி வைத்தாலே பத்தாண்டில் ஒரு வரைபடம் உருவாகிவிடும். அதுவரை எண்ணூர் நாய்க்கு வந்த புற்றை ஆலைப் புகையின் தலையில் கட்டுவதும், புகைக்குச் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்வதும் ஒரே மாதிரி அவசரமே.

வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை எளியவை. மாதம் ஒருமுறை கழுத்து, அக்குள், மடி, தொடையிடுக்கு ஆகிய இடங்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஆறாத புண், சிறுநீரில் ரத்தம், காரணமில்லாத நொண்டல், மூக்கின் ஒரு துளையில் மட்டும் ரத்தம், சாப்பிட்டும் இளைப்பது ஆகியவை மருத்துவரிடம் காட்டவேண்டிய அறிகுறிகள். வெள்ளைப் பூனைகளின் காது நுனியிலும் மூக்கிலும் வெயிலால் புற்று வரும். மொட்டைமாடித் தகரக் கூரையில் வெயில் காயும் பூனைக்குக் காது ஓரம் சிவந்து பொருக்குத் தட்டினால், சொறி என்று மஞ்சள் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. கட்டி எதுவானாலும் மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சிப் பார்க்கும் சோதனை முதலில். அறுப்பதற்கு முன் மார்பு எக்ஸ்ரே. நுரையீரலுக்குப் பரவியிருந்தால் மடியை அறுத்துப் பிராணியை வதைப்பதில் பயனில்லை.

நாய்க்குத் தரும் கீமோதெரபி பொதுவாக மனிதருக்குத் தருவதைவிடக் குறைந்த அளவில், வேதனையில்லாமல் சில மாதமோ ஒரு வருடமோ நீட்டித் தருவதையே நோக்கமாகக் கொண்டது. மருந்து ஏற்றிய இரண்டு மூன்று நாள் சிறுநீரிலும் மலத்திலும் அதன் எச்சம் வெளியேறும். ஒட்டுக் குடித்தன வீடுகளில் முற்றமும் குழாயடியும் பலருக்கும் பொது. அந்த நாட்களில் நாயைத் தனி இடத்தில் கட்டி, கழிவைக் கையுறை போட்டு எடுத்து, இடத்தை நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தையை வைத்திருப்பவர்களும் அந்த வேலையைச் செய்யக் கூடாது.